கடலோடி மகெல்லன் சரித்திரச் சுருக்கம்

நம் இல்லங்களில் வெற்றிலையை மடித்து அதன்மேற் குத்துகின்ற கிராம்பு எத்துணைச் சிறிய பொருள் என்பதை யாவரும் அறிவர். பல் வலிக்கு மருந்தாகவும், பலகாரத்திற்கு வாசனையாகவும் அதனை நாம் கையாண்டு வருகின்றோம். கடையில் அதன் விலையைக் கேட்டுச் சிறிது முணுமுணுப்பதல்லாமல் வேறொன்றும் நினைப்பதில்லை. ஆயினும் இச்சிறு மொக்கின் பொருட்டு ஒரு காலத்தில் ஐந்து கப்பல்கள் ஐரோப்பாவினின்று புறப்பட்டு, எவரும் அளந்தறியாத சமுத்திரத்திற் புகுந்தன. அவற்றுள் ஒன்றே பூமியை முழுவதும் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. அந்த யாத்திரையை எண்ணித் துணிந்து நடத்திய தலைவரோ திரும்பினாரல்லர்.

அத்தலைவரின் சரித்திரத்தை நம் குடும்பங்களிலுள்ள இளைஞரும் பெண்மக்களும் அறிந்துகொள்ளுமாறு இங்கே சுருக்கி வரைகின்றோம். அவருடைய மேன்மையை மாத்திரமேயன்றி, அவர் தவறிய இடத்தையும் மறையாது கூறுவதே முறையாகும். பெரியோர் சரித்திரத்தில் அவ்விரண்டும் நமக்குப் பாடமாம்.

பிறப்பும் இளமையும்

மகெல்லன் என்று உலகம் வழங்கும் இவருக்குத் தாய்மொழியில் வழங்கிய பெயர் பெர்னாவோ தெ மகல்யாயன்ஸ் என்பது. போர்த்துக்கல் தேசத்தின் வடபாகத்தில், 1480ஆம் ஆண்டையொட்டி, செல்வம் மிகுதியில்லாத ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். அக்காலத்து வழக்கப்படி லிஸ்பன் நகரத்து அரண்மனையில் லெயோனோர் அரசியாரின் பணிவிடைச் சிறுவருள் ஒருவராகச் சேர்க்கப்பட்டு அங்கே வளர்ந்தார்.

அவர் வளர்ந்த காலமே கடல் வழிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்த காலம். 1488ஆம் ஆண்டில் பார்த்தலமேயு தியாஸ் என்பவர் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றி வந்தார். 1492இல் கொலம்பஸ் ஸ்பெயின் தேசத்தாருக்காக மேற்கே சென்று, தாம் கண்டது ஆசியாவின் ஓரமே என்று நம்பித் திரும்பினார். 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்குக் கப்பல் கொண்டுவந்தார். இச்செய்திகளால் எழுந்த ஆரவாரத்தின் நடுவிலேயே அரண்மனைச் சிறுவராகிய மகெல்லன் வாலிபரானார்.

வாசனைச் சரக்கின் மோகம்

இத்தனை முயற்சியும் எதன்பொருட்டு எனின், அரசருக்குக் கீர்த்தியில் ஆசை. பாதிரிமாருக்குத் தம் மதத்தைப் பரப்புவதில் ஆசை. பிரபுக்களின் இளைய குமாரருக்குப் பட்டமும் நிலமும் வேண்டும். இவையாவும் உண்மையே. எனினும், கப்பலுக்குப் பணம் போட்டவர் எதிர்பார்த்தது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயுமேயாம்.

கிராம்பு மரம் அக்காலத்தில் மலுக்குத் தீவுகள் என்னும் கீழ்க்கடல் தீவுகளில், தெர்னாத்தே, திதோர் முதலிய சில சிறு தீவுகளிலன்றி வேறெங்கும் விளைந்ததில்லை. ஜாதிக்காயோ அவற்றிற்குத் தெற்கேயுள்ள பண்டா என்னும் தீவுகளில் மாத்திரமே விளைந்தது. அங்கிருந்து அச்சரக்கு தோணிகளில் மலாக்கா வரும். மலாக்காவினின்று குஜராத்தியரும் தமிழரும் அராபியருமான வணிகர் கைமாறி மலையாளக் கரைக்கு வரும். அங்கிருந்து செங்கடல் வழியே எகிப்து சென்று, சுல்தானுக்குச் சுங்கம் செலுத்தி, அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் வெனிஸ் நகர வியாபாரிகளிடம் சேரும். கை மாறுந்தோறும் விலை ஏறும். மூலத்தில் மிக மலிவாகக் கிடைத்த பண்டம் ஐரோப்பாவில் பெருஞ் செல்வர் வாங்கும் பண்டமாயிற்று. இடையிலுள்ள கைகளையெல்லாம் விலக்கி, விளையும் இடத்திலேயே சென்று கொள்முதல் செய்ய வேண்டுமென்பதே போர்த்துக்கேசியர் கொண்ட கருத்து.

ஆசை மாத்திரம் கப்பலை ஓட்டாது. அதற்கு ஏற்ற கருவியும் வேண்டும். அக்காலத்து ஐரோப்பியத் தச்சர் முதலில் விலாவெலும்பு போன்ற சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேற் பலகைகளை ஓரத்தோடு ஓரம் பொருத்தி உறுதியான கப்பல்களைக் கட்டினர். பின்புறத்து நடுமரத்திற் கீல்களால் மாட்டிய சுக்கானை அமைத்தனர். பின்காற்றில் விரைந்து செல்லச் சதுரப் பாயையும், எதிர்க்காற்றை ஒட்டிச் செல்ல அராபியர் கடல்களில் வழங்கிய முக்கோணப் பாயையும் ஒரே கப்பலில் ஏற்றினர். திசை காட்டும் காந்த ஊசி சீனரிடத்தில் முன்னமே வழங்கியது. நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் வட்டக் கருவியை அராபிய சாஸ்திரிகள் பெரிதும் திருத்தியிருந்தனர். ஆகவே, ஐரோப்பியர் கடலை வென்றது தம்முடைய அறிவு ஒன்றினாலேயே என்று எண்ணுதல் தவறு. பல தேசத்தாரின் அறிவு ஒரு கப்பலிற் கூடிற்று என்பதே உண்மை.

கீழ்நாட்டு ஊழியம்

1505ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ தெ அல்மேதா என்பவர் போர்த்துக்கல் மன்னரின் முதற் பிரதிநிதியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அப்பெருங்கப்பற்படையில் ஒரு சாதாரண வீரராக மகெல்லனும் வந்தார். கண்ணனூர்க் கடலிலும், 1509இல் தியூ என்னுமிடத்திலும் நடந்த போர்களில் அவர் கலந்துகொண்டார். அதே ஆண்டில் மலாக்காவுக்கு முதன்முதற் சென்ற போர்த்துக்கேசியக் கப்பல்களிலும் இருந்தார். அங்கே கரையிலிருந்தோரைத் திடீரெனத் தாக்கும் சூழ்ச்சி ஒன்று எழ, அவர் படகிற் சென்று தம் நண்பர் பிரான்சிஸ்கோ செர்ராவ் என்பவரை உயிரோடு மீட்டார். கரையிற் சிறைப்பட்டுப்போன மற்றப் போர்த்துக்கேசியருக்கு மலாக்காவில் வாழ்ந்த ஒரு தமிழ் வணிகர் உதவி செய்தார். அவர் பெயரைப் போர்த்துக்கேசியர் நீனா சத்து என்று எழுதி வைத்திருக்கின்றனர். 1511இல் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தபோது மகெல்லனும் அங்கேயிருந்தார். அப்பொழுது என்றிக் என்று பெயரிடப்பட்ட ஓர் இளைஞன் அவருக்கு அடிமையாகக் கிடைத்தான். இவ்விளைஞனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

மகெல்லனுடைய குணத்தை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுதல் தகும். தாயகம் நோக்கிச் சென்ற இரு கப்பல்கள் லட்சத்தீவுகளை அடுத்த ஒரு மணல் திட்டில் மோதி உடைந்தன. இருந்த படகுகளில் யாவருக்கும் இடமில்லை. தலைவர்களும் பிரபுக்களும் முதலிற் செல்லத் தீர்மானித்தனர். எளிய மாலுமிகள் தங்களைக் கைவிட்டுவிடுவர் என்று அஞ்சிக் கலங்கினர். படகில் ஏறும் உரிமை தமக்கு இருந்தும், மகெல்லன் அதை விடுத்து மாலுமிகளோடு அத்திட்டிலேயே தங்கி, உதவிக் கப்பல் வருமளவும் அவர்களுக்குத் துணையாயிருந்தார்.

அவர் மீட்ட நண்பராகிய செர்ராவ் பின்னர்க் கிழக்கே சென்று தெர்னாத்தே தீவை அடைந்து, அத்தீவு மன்னரின் நன்மதிப்பைப் பெற்று அங்கேயே குடியிருந்துவிட்டார். அவர் அத்தீவுகளின் செழிப்பைப் புகழ்ந்து, தூரத்தையும் சிறிது மிகைப்படுத்தி மகெல்லனுக்குக் கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்களே மகெல்லனின் உள்ளத்தில் விதையாக விழுந்தன.

மன்னர் மறுத்தல்

தாயகம் திரும்பிய மகெல்லன் 1513இல் மொரோக்கோ தேசத்துப் போருக்குச் சென்று காலில் காயமுற்றார். அன்றுமுதல் இறுதிவரையில் ஒரு காலைச் சிறிது சாய்த்தே நடந்தார். அப்போரிற் கவர்ந்த ஆடுமாடுகளைப் பகைவருக்கு விற்றார் என்று அவர்மீது ஒரு குற்றமும் சாட்டப்பட்டது. அது நிலைபெறவில்லையாயினும் மன்னர் மானுவேலின் மனம் அவரிடத்தில் மாறிப்போயிற்று. நெடுங்கால ஊழியத்தைக் கருதித் தமது அரண்மனைப் படியைச் சிறிது உயர்த்துமாறு அவர் வேண்டியபோது மன்னர் மறுத்தார். கீழ்நாட்டுக்குக் கப்பல் நடத்த அனுமதி வேண்டியபோதும் மறுத்தார். வேறு அரசரிடம் ஊழியம் செய்யலாமோ என்று கேட்க, அது தம் விருப்பம் என்று மன்னர் அலட்சியமாகக் கூறிவிட்டதாகச் சரித்திரக்காரர் எழுதுகின்றனர்.

1517ஆம் ஆண்டில் மகெல்லன் ஸ்பெயின் தேசத்துச் செவில்லா நகரம் சேர்ந்தார். அங்கே குடியேறியிருந்த தியோகோ பார்போசா என்னும் போர்த்துக்கேசியரின் மகள் பியாத்ரிஸை மணந்தார். வான சாஸ்திரத்தில் வல்லவராகிய ருய் பலேரோ என்பவரும் அவரோடு கூடினார்.

அவர் ஸ்பெயின் அரசவையில் வைத்த யோசனை இது. 1494ஆம் ஆண்டில் தோர்தெசில்லாஸ் என்னும் ஊரில் ஸ்பெயினும் போர்த்துக்கலும், உலகத்து மக்களில் ஒருவரையும் கேளாமல், ஒரு கோட்டினால் உலகத்தை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. அட்லாந்திக் சமுத்திரத்தில் அக்கோட்டுக்குக் கிழக்கே போர்த்துக்கலின் பாகம். மேற்கே ஸ்பெயினின் பாகம். ஆனால் பூமி உருண்டையாதலின், அக்கோடு மறுபுறத்தில் எங்கே செல்லுமென்பதை அன்று எவராலும் சொல்லக்கூடவில்லை. மலுக்குத் தீவுகள் ஸ்பெயினின் பாகத்திலேயே அடங்கும் என்றும், அமெரிக்காவின் தெற்கே ஒரு வழி கண்டு மேற்கே சென்றால் போர்த்துக்கேசியர் கடலைத் தொடாமலே அவற்றை அடையலாம் என்றும் மகெல்லன் வாதித்தார். பதினெட்டு வயதே நிரம்பிய சார்லஸ் மன்னர் அதற்கு இசைந்து, 1518ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆம் தேதி உடன்படிக்கை எழுதிக்கொடுத்தார். வருமானத்தில் இருபதில் ஒரு பங்கும், கண்டுபிடிக்கும் தேசங்களின் ஆளுகையும் மகெல்லனுக்கும் பலேரோவுக்கும் என்று ஏற்பட்டது. செலவில் ஒரு பாகத்தைக் கிறிஸ்தோபல் தெ ஹாரோ என்னும் பெருவணிகர் போட்டார்.

பிரயாண ஆயத்தம்

திரினிதாத், சான் அந்தோனியோ, கொன்செப்சியோன், விக்தோரியா, சாந்தியாகோ என்னும் ஐந்து கப்பல்கள் வாங்கப்பட்டன. அவற்றிற் பெரியது ஏறக்குறைய 120 டன். சிறியது 75 டன். அவை பழைய கப்பல்களாதலின், மகெல்லன் ஒவ்வொரு பலகையையும் தாமே சோதித்துச் செப்பனிடுவித்தார். பலேரோ இறுதியில் உடன் செல்லவில்லை.

கப்பல்களில் ஏற்றிய கருவிகளின் ஜாபிதா இன்றும் இருக்கின்றது. காந்த ஊசிகள் 35, உயரம் அளக்கும் வட்டக் கருவிகள் 7, கால்வட்டக் கருவிகள் 21, மணற்கடிகாரங்கள் 18, தோலில் வரைந்த கடற் படங்கள் பல. இவற்றின் உபயோகத்தைச் சிறிது அறிந்தாலன்றி மேல் நடந்த துன்பம் விளங்காது.

வடதேசத்துக் கடலில் துருவ நட்சத்திரம் அடிவானத்தினின்று எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று அளந்தால், பூமத்திய ரேகைக்கு எவ்வளவு வடக்கே இருக்கின்றோம் என்பது தெரியும். தெற்கே சென்றால் அந்நட்சத்திரம் மறைந்துபோம். அங்கே உச்சிவேளைச் சூரியனை அளந்து, சாஸ்திரிகள் முன்னமே கணித்து வைத்த வாய்பாட்டைக்கொண்டு இடத்தை அறிந்தனர். இவ்வாறு வடக்கு தெற்கு நிலையை ஓரளவு சரியாக அறிய முடிந்தது. கிழக்கு மேற்கு நிலையையோ அறிய வழியில்லை. அதற்குப் புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் வேண்டும். அக்கருவி மகெல்லனுக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டே, பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாரிஸன் என்னும் ஆங்கிலத் தச்சரால் செய்யப்பட்டது. மகெல்லன் காலத்து மாலுமி, கப்பலின் வேகத்தைக் கண்ணால் மதித்து, மணற்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் காலத்தைக் கணக்கிட்டு, ஓடிய தூரத்தை உத்தேசமாகக் குறித்து வந்தான். ஆகவே பூமியின் அகலம் எவ்வளவு என்பதே அவர்களுக்கு உத்தேசமாயிருந்தது. அவ்வுத்தேசமும் உண்மைக்கு மிகக் குறைவாயிருந்தது.

கலகமும் ஜலசந்தியும்

1519ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 20ஆம் தேதி ஏறக்குறைய 240 பேருடன் கப்பல்கள் கடலிற் சென்றன. அவர்களுள் அந்தோனியோ பிகபெத்தா என்னும் இத்தாலிய வாலிபரும் ஒருவர். அவர் நாள்தோறும் எழுதி வைத்த குறிப்பே இச்சரித்திரத்திற்கு முக்கிய ஆதாரம்.

ஸ்பானியத் தலைவர்களுக்குப் போர்த்துக்கேசியர் ஒருவரின்கீழ் நடப்பது ஆரம்பமுதலே பிடிக்கவில்லை. மகெல்லனோ தம் எண்ணத்தை ஒருவருக்கும் வெளியிடும் இயல்பினரல்லர். 1520ஆம் ஆண்டு ஜனவரியில் லா பிளாத்தா என்னும் பெரிய முகத்துவாரத்தை அடைந்து, அதுவே வழியென்று உட்சென்று பார்த்தார்கள். தண்ணீர் உப்பின்றி இனித்தது. அது நதியே என்று தெரிந்தது. குளிர்காலம் நெருங்கவே மார்ச்சு 31ஆம் தேதி சான் ஹூலியான் என்னும் வெறுங்கரையில் நங்கூரம் பாய்ச்சி, உணவுப் படியைக் குறைத்தார். உடனே மூன்று கப்பல்களில் கலகம் மூண்டது. மகெல்லன் தயங்காது உபாயத்தால் விக்தோரியாவைக் கைப்பற்றிக் கலகத்தை அடக்கினார். தலைவர்களுள் மெந்தோசா கொல்லப்பட்டார். கெசாதா சிரச்சேதம் செய்யப்பட்டார். கார்த்தகேனாவும் ஒரு பாதிரியாரும் அக்கரையிலேயே விடப்பட்டனர். மற்றும் நாற்பது பேருக்கு மரண தண்டனை விதித்துப் பின் மன்னித்தார். அங்ஙனம் கலகத்திற் கலந்து உயிர் பிழைத்தவருள் எல்கானோ என்பவரும் ஒருவர்.

சாந்தியாகோ என்னும் கப்பல் புயலில் உடைந்தது. மற்றை நான்கும் தெற்கே சென்று, அக்டோபர் 21ஆம் தேதி ஒரு முனையைக் கண்டு, அதற்கப்பால் மலைகளின் நடுவே வளைந்து சென்ற உப்புநீர் வழியிற் புகுந்தன. இருமருங்கும் பனி மூடிய சிகரங்கள். இரவில் தென்கரையெங்கும் சுதேச மக்கள் மூட்டிய தீ. அதனால் அந்நிலத்திற்குத் தீ நிலம் என்று பெயர் வந்தது. பாதி வழியில் சான் அந்தோனியோக் கப்பலார் மிகுதியான உணவுப் பொருளோடு ஸ்பெயினுக்குத் திரும்பி ஓடிவிட்டனர். மகெல்லன் மனந்தளரவில்லை. நவம்பர் 28ஆம் தேதி மூன்று கப்பல்கள் மறுபுறத்துப் பெருங்கடலில் வெளிப்பட்டன. அந்நாளில் அக்கடுந்தலைவர் கண்ணீர் பெருக்கினார் என்பர். அவ்வழியே இன்று மகெல்லன் ஜலசந்தி என்று வழங்குகின்றது. 1914இல் பனாமாக் கால்வாய் திறக்கும்வரையில் கப்பல்கள் அமெரிக்காவைத் தெற்கே சுற்றிச் சென்ற முக்கிய மார்க்கங்களுள் அது ஒன்றாயிருந்தது.

முடிவில்லாத கடல்

எதிரே கண்ட கடல் அமைதியாயிருந்தமையால் அதற்குப் பசிபிக், அதாவது சாந்த சமுத்திரம், என்று பெயரிட்டார். சில வாரங்களில் கடந்துவிடலாம் என்று மதித்த அச்சமுத்திரம் மூன்று மாதத்திற்கு மேலும் முடியவில்லை. பூமியின் அளவைக் குறைத்து எண்ணிய பிழை இப்பொழுது பசியாக வந்து நின்றது. ரொட்டி புழுத்துத் தூளாயிற்று. தண்ணீர் மஞ்சளாகி நாறிற்று. பாய்மரத்தில் உராய்வைத் தடுக்கக் கட்டியிருந்த மாட்டுத் தோலைக் கடல்நீரில் நாட்கணக்காக ஊறவைத்து, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். மரத்தூளைத் தின்றார்கள். எலிகளைப் பொன்னுக்கு விலைபேசினார்கள். புதிய காய்கனி இன்மையால் ஈறு வீங்கிப் பல்லை மூடும் நோய் பரவிற்று. பத்தொன்பது பேர் அக்கடலிலேயே இறந்ததாகப் பிகபெத்தா எழுதியிருக்கின்றார்.

1521ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் தேதி குவாம் என்று இன்று வழங்கும் தீவைக் கண்டனர். அத்தீவினர் கப்பலில் ஏறிக் கைக்குக் கிடைத்தவற்றையும் ஒரு சிறு படகையும் எடுத்துச் சென்றனர். மகெல்லன் படையோடு கரையிறங்கி, நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தி, ஏழு பேரைக் கொன்று படகை மீட்டார். மணல் திட்டில் எளியவர்களுக்காகத் தங்கிய அதே மனிதர்தாமோ இவர் என்று நாம் வியக்க நேர்கின்றது.

பிலிப்பைன் தீவுகள்

பத்து நாள் கழித்து, இன்று பிலிப்பைன் தீவுகள் எனப்படுவனவற்றின் கரை தோன்றியது. மார்ச்சு 28ஆம் தேதி ஒரு சிறு படகில் வந்த தீவினரோடு என்றிக் தன் மலாய் மொழியிற் பேசினான். அவர்கள் அதை அறிந்துகொண்டனர். மகெல்லனுக்கு அக்கணத்தில் விளங்கியது யாதெனின், மேற்கே மேற்கே வந்த தாம் கிழக்கை அடைந்துவிட்டோம் என்பதே. மலாக்காவினின்று மேற்கே கொண்டுபோகப்பட்ட அடிமை, பூமியின் மறுபுறமாகத் தன் மொழி வழங்கும் கடலுக்கே வந்து சேர்ந்தான்.

ஏப்ரல் 7ஆம் தேதி செபு என்னும் துறைமுகத்தை அடைந்தனர். அங்கே வரும் கப்பல்கள் யாவும் சுங்கம் செலுத்துவது வழக்கமென்று ஹுமாபோன் என்னும் மன்னர் கூறினார். தம் அரசர் எவருக்கும் சுங்கம் செலுத்தார் என்று மகெல்லன் மறுத்தார். அப்பொழுது சயாமினின்று வந்திருந்த ஒரு முகம்மதிய வணிகர், கள்ளிக்கோட்டையையும் மலாக்காவையும் தாக்கியவர்கள் இவர்களே, எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்று மன்னருக்குச் சொல்லிவைத்தார். பின் சமாதானம் ஏற்பட்டது. ஒரு வாரத்திற்குள் மன்னரும் அரசியாரும் குடிகள் பலரும் ஞானஸ்நானம் பெற்றனர்.

இதுவரையில் மகெல்லன் எண்ணிய காரியம் நிறைவேறியதென்றே கூறலாம். மலுக்குத் தீவுகள் இன்னும் சில நாள் வழியே. ஆனால் அவர் அங்கே செல்லாமல், தம் நண்பராகிய செபு மன்னரைச் சுற்றியுள்ள தலைவர் யாவரும் வணங்க வேண்டுமென்று கட்டளையிடத் தொடங்கினார். எதிரேயுள்ள மக்தான் என்னும் சிறு தீவின் தலைவர் லாபுலாபு அதற்கு இணங்கவில்லை. அத்தீவின் மற்றொரு தலைவர் லாபுலாபுவுக்கு எதிராக உதவி வேண்டினார். அவ்வூர்ச் சண்டையில் தலையிட வேண்டாம் என்றும், தலையிட்டாலும் தலைவர் தாமே செல்ல வேண்டாம் என்றும் கப்பலார் தடுத்தனர். மகெல்லன் கேட்கவில்லை. தம் வீரர் சிலரே போதும் என்றும், செபு மன்னர் தம் படகிலிருந்து வேடிக்கை பார்க்கலாம் என்றும் கூறிப் புறப்பட்டார்.

1521ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி விடியற்காலையில், தொடை மட்டும் நீரில் நாற்பத்தொன்பது பேர் கரை நோக்கி நடந்தனர். கடலடியிற் பாறைகள் பரந்திருந்தமையால் படகுகள் கரையை நெருங்கக்கூடவில்லை. ஆகவே படகிலிருந்த பீரங்கிகள் எட்டவில்லை. கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காத்திருந்ததாகப் பிகபெத்தா மதித்தார். அச்சுறுத்தும் பொருட்டு வீடுகளுக்குத் தீ வைக்கவே, அவர்கள் சினம் இரட்டித்தது. இரும்புக் கவசம் மார்பைக் காத்ததேயன்றிக் காலைக் காக்கவில்லை என்பதைக் கண்டு காலையே குறிவைத்து எய்தார்கள். வீரர் பலர் ஓட்டம் பிடித்தனர். மகெல்லன் ஒரு சிலரோடு பின்னின்று, ஓடுவோர் படகை அடையும்வரையில் தடுத்து நின்று, இறுதியில் அந்நீரிலேயே விழுந்து உயிர் துறந்தார். அவர் உடலை எவ்விலைக்கும் தர முடியாது என்று மக்தான் மக்கள் மறுத்துவிட்டனர்.

என்றிக் என்னும் ஊழியன்

புறப்படுமுன் செவில்லா நகரத்தில் மகெல்லன் எழுதி வைத்த மரண சாசனத்தில், தாம் இறந்தவுடன் என்றிக் அடிமைத்தனத்தினின்று விடுதலை பெறவேண்டும் என்றும், அவனுடைய ஜீவனத்திற்காக ஒரு தொகை கொடுக்கப்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். போரிற் காயம்பட்டுப் படுத்திருந்த என்றிக்கை, புதிய தலைவர் எழுப்பி, எசமானர் இறந்தாலும் அடிமை அடிமையே என்றும், ஊர் சேர்ந்ததும் எசமானரின் மனைவிக்கு அடிமையாவாய் என்றும், வேலைக்குப் போகாவிடில் சவுக்கடி உண்டு என்றும் அதட்டினார். என்றிக் எழுந்து கரைக்குச் சென்றான். சில நாளைக்குள், மே மாதம் முதல் தேதி, செபு மன்னர் ஒரு விருந்துக்கு அழைத்தார். விருந்துக்குச் சென்ற தலைவர் முதலாய இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். என்றிக்கே மன்னரோடு கலந்து இச்சூழ்ச்சியைச் செய்தான் என்று பிகபெத்தா குற்றஞ்சாட்டுகின்றார். குற்றம் யாருடையதாயினும், இறந்தவர் எழுதிவைத்த ஒரு சொல்லை உயிரோடிருந்தவர் காத்திருந்தால், அவ்வளவு உயிர்கள் போயிரா என்று எண்ண இடமிருக்கின்றது.

கப்பல் மீளுதல்

எஞ்சியோர் மூன்று கப்பலை நடத்தப் போதாமையால் கொன்செப்சியோனைக் கொளுத்திவிட்டு, நவம்பர் 8ஆம் தேதி திதோர் தீவை அடைந்தனர். கிராம்பு கிடைத்தது. கடிதம் எழுதிய செர்ராவோ சில மாதங்களுக்கு முன்னரே இறந்துவிட்டார். நண்பர் இருவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே ஆண்டில் மாண்டனர். திரினிதாத் பின்னர்ப் போர்த்துக்கேசியர் கையில் அகப்பட்டது. விக்தோரியா மாத்திரம், முன்பு கலகத்தில் மன்னிக்கப்பட்ட எல்கானோவின் தலைமையில், டிசம்பர் 21ஆம் தேதி ஏறக்குறைய 60 பேருடன் புறப்பட்டு, போர்த்துக்கேசியர் துறைகளை ஒதுக்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியது. உணவுக்காகப் பச்சைமுனைத் தீவுகளில் இறங்கியபோது, தங்கள் கணக்குப்படி புதன்கிழமையாயிருந்த நாள் கரையில் வியாழக்கிழமையாயிருக்கக் கண்டு திகைத்தனர். சூரியனோடு மேற்கே சென்று பூமியைச் சுற்றியதால் ஒரு நாள் குறைந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

1522ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி புறப்பட்ட துறைக்கே விக்தோரியா மீண்டது. அதில் இருந்த ஐரோப்பியர் 18 பேர். மெலிந்த உருவினராய், கையில் மெழுகுத்திரி ஏந்தி, வெறுங்காலோடு செவில்லா நகரத்துக் கோயிலுக்கு அவர்கள் நடந்து சென்றனர். கப்பலில் இருந்த கிராம்பு மூட்டைகள் 381. அவற்றின் விலை ஐந்து கப்பல்களின் செலவையும் ஈடுசெய்தது என்பர். அரசர் எல்கானோவுக்கு அளித்த விருதுச் சின்னத்தில் பூகோளமும் கிராம்பும் ஜாதிக்காயும் பொறிக்கப்பட்டன. மகெல்லனின் மனைவியும் பாலகனும் அதற்குமுன்னரே இறந்துவிட்டமையால், அவர் பங்கைப் பெற வீட்டில் ஒருவருமில்லை.

முடிவுரை

மலுக்குத் தீவுகள் உண்மையில் எவர் பாகத்தில் இருந்தன என்பதை அறிய முடியாமல், 1529ஆம் ஆண்டில் சார்லஸ் மன்னர் தம் உரிமையை 3,50,000 பொற்காசுக்குப் போர்த்துக்கலுக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் அளந்து பார்க்கையில் அவை ஆதிமுதலே போர்த்துக்கலின் பாகத்தில் இருந்தன என்று தெரிந்தது. மகெல்லன் வாதித்த காரணம் பிழை. அவர் கண்ட வழியோ மெய். கடல்களெல்லாம் ஒன்றோடொன்று தொடர்ந்தவை என்பதையும், பூமி எண்ணியதினும் மிகப் பெரிது என்பதையும் அவ்யாத்திரை கண்கூடாகக் காட்டிற்று. தென்வானத்தில் மேகம்போலத் தோன்றும் இரண்டு நட்சத்திரக் கூட்டங்களும், 1989இல் சுக்கிரனை ஆராய அனுப்பிய விண்கலமும் அவர் பெயரால் வழங்குகின்றன. அவரை எதிர்த்து நின்ற லாபுலாபுவைத் தம் நாட்டின் வீரராகப் பிலிப்பைன் மக்கள் போற்றுகின்றனர். அவ்விருவர் புகழும் ஒன்றையொன்று மறைக்கவில்லை.

வணிகர் ஆண்டு முடிவில் வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிப் பார்ப்பர். இந்த யாத்திரையின் கணக்கில் வரவு 381 மூட்டைக் கிராம்பும் பெரியதோர் அறிவுமாம். செலவில் மகெல்லனோடு வந்து மாண்டோர் மாத்திரமல்லர். குவாமில் ஒரு படகுக்காக இறந்த ஏழு பேரும், மக்தானில் வீடிழந்தோரும் எழுதப்பட வேண்டும். கலகமும் பசியும் பெருங்கடலும் தடுக்க முடியாத ஒருவரை, தமக்கு உரியதல்லாத ஒரு சண்டை ஒரே காலைப்பொழுதில் தடுத்துவிட்டது. எடுத்த காரியத்தில் அவர்போல் உறுதியாயிருத்தல் வேண்டும். அக்காரியத்தின் எல்லை எதுவென்று அறிந்து நிற்றலும் வேண்டும். அன்பர்களே, அடுத்தமுறை தாம்பூலத்திற் கிராம்பைக் குத்தும்போது, இச்சரித்திரத்தைக் குழந்தைகளுக்குச் சொல்வீர்களாக.